ஜிகினா, பனங்காடை, வாழை நார்

கொலுப் படியைப் பிரித்து எவ்வளவோ நாள் ஆகிவிட்டது. ஆனாலும் கூடத்தைப் பெருக்கும்போதெல்லாம் ஜிகினாத் தூள் மின்னுகிறது. குளம் செய்கிறேன் என்று பேத்தி ஒரு பொட்டலத்தை அப்படியே கொட்டிவிட்டாள். ஒருநாள் என் மோர் சாதத்திலும் ஒன்று கிடந்தது. பாலியெஸ்டர் படலம், அதன்மேல் அலுமினியப் பூச்சு, அதற்கும் மேல் சாயம், இவ்வளவுதான் ஜிகினா. பெருக்கித் தள்ளினால் சாக்கடைக்குப் போகும், அங்கிருந்து காவிரிக்கோ கொள்ளிடத்துக்கோ போகும். மக்காது.

இதே மினுமினுப்பை, பிளாஸ்டிக்கும் சாயமும் இல்லாமல், மரக்கூழிலிருந்து எடுக்கலாம் என்று செய்து காட்டியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியாரைச் சும்மா உட்காரவிடுமா இது? தேடிப் படித்தேன். கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1888-ல் பிராகா நகரில் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கொலஸ்ட்ரால் சேர்ந்த ஒரு பொருளைச் சூடாக்கினார். 145.5 டிகிரியில் அது உருகிக் கலங்கலான திரவமானது. 178.5 டிகிரியில் கலங்கல் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? போதாக்குறைக்கு, ஆறும்போது நீலமும் ஊதாவுமாக நிறம் காட்டியது. குழம்பிப்போய் மார்ச் மாதம் ஓட்டோ லேமன் என்ற இயற்பியலாளருக்குக் கடிதம் எழுதினார். திரவப் படிகம் உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். அதே 1888, நவம்பர் 7-ஆம் தேதி, நம் திருவானைக்காவலில் ஒரு குழந்தை பிறந்தது. சி.வி. ராமன். தற்செயல்தான், ஜாதகம் பார்க்கிறவர்கள் மன்னிக்கவும்.

அந்த நிறம் எங்கிருந்து வந்தது? தீக்குச்சிகளை வரிசையாக ஒரு அடுக்கு பரப்புங்கள். அதன்மேல் இன்னொரு அடுக்கு, ஆனால் கொஞ்சம் திருப்பி. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் திருப்பி ஒன்று. இப்படியே போனால் சுழல் படிக்கட்டு மாதிரி ஒரு முறுக்கு வரும். ஒரு முழுச் சுற்றின் உயரம் ஒளியின் அலைநீளத்தை ஒட்டி, சில நூறு நானோமீட்டராக அமைந்தால், ஒரு குறிப்பிட்ட நிறம் மட்டும் திரும்பி வரும். சுற்று இறுகினால் நீலம், தளர்ந்தால் சிவப்பு. சாயம் துளியும் இல்லை.

ராமனுக்கு இப்படிப்பட்ட நிறங்கள்மேல் தீராத ஆசை. தாம் தொடங்கிய இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸின் இதழில், 1934-ல், முதல் தொகுதியிலேயே பறவை இறகின் நிறம் பற்றி எழுதினார். எடுத்துக்கொண்ட பறவை நம் பனங்காடை. கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத் தெரியும், பறந்தால் நீலம் கொட்டும், அதேதான். சிப்பிகளின் நிறத்தையும் ஆராய்ந்தார். அவருடைய சகோதரி மகன் எஸ். சந்திரசேகர் (நோபல் பரிசு வாங்கிய சந்திரசேகர் வேறு) 1968-ல், மைசூரில் இருந்தபோது, சீனிவாச ராவுடன் சேர்ந்து, முறுக்கிய திரவப் படிகம் ஒளியை எப்படித் திருப்புகிறது என்பதற்குக் கணக்குப் போட்டார். பிறகு பெங்களூர் ராமன் ஆய்வு நிலையத்தில், 1977-ல், தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று அவர் குழு கண்டது உலகப் புகழ் பெற்றது. இவர்கள் யாரும் செல்லுலோஸைத் தொடவில்லை. அது வேறு பாதையில் வந்துகொண்டிருந்தது.

செல்லுலோஸை 1838-ல் பிரித்துக் காட்டியவர் பிரான்சின் பாயென். மரம், பஞ்சு, வைக்கோல் எல்லாவற்றுக்கும் அதுதான் எலும்பு. 1949-ல் ஸ்வீடனில் ரான்பி அதைக் கந்தக அமிலத்தில் வேகவைத்தார். இளகிய பகுதி கரைந்துபோக, கெட்டியான குச்சிகள் மட்டும் நீரில் மிதந்தன. மரத்திலிருந்து எடுத்தால் ஒரு குச்சி நூறு, இருநூறு நானோமீட்டர் நீளம் இருக்கும். அமிலம் ஒவ்வொரு குச்சியின் மேலும் எதிர்மின்னூட்டத்தை ஏற்றிவிடுவதால் அவை ஒட்டிக்கொள்ளாமல் விலகி நிற்கும். 1959-ல் மார்ச்செசோ குழு அவை தாமாகவே ஒரே திசையில் அணிவகுப்பதைப் பார்த்தது. அதற்குள் முறுக்கும் இருக்கிறது என்று தெரிய 1992 ஆயிற்று. கனடாவில் டெரெக் கிரேயின் குழு கண்டது. மார்ச்செசோவும் அதில் ஒருவர். முப்பத்து மூன்று வருஷம்! அதே கிரே, 1976-லேயே, மாத்திரைகளில் சேர்க்கும் ஒரு செல்லுலோஸ் வகையைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தாலே நிறம் வருவதைக் கண்டிருந்தார்.

இதில்தான் பயன்படும் பொருள்கள் பிறக்கின்றன. குச்சிகள் மிதக்கும் நீரைத் தட்டில் ஊற்றிக் காயவிட்டால், நீர் போகப்போக முறுக்கு இறுகி, நிறமுள்ள படலம் கிடைக்கிறது. ஈரக்காற்று பட்டால் படலம் உப்பி நிறம் சிவப்புப் பக்கம் நகரும், ஆகவே அது ஈரம் காட்டும் கருவி. கிரேயின் கரைசலை அழுத்தினால் நிறம் நீலத்துக்குப் போகும், ஆகவே அழுத்தம் காட்டும். கேம்பிரிட்ஜில் சில்வியா விக்னோலினி 2012-ல் ஆப்பிரிக்காவின் பொல்லியா என்ற செடியின் நீலக் காயில் இதே முறுக்கைக் காட்டினார். 1974-ல் கானாவில் பறித்த காய், அன்றைக்கும் மங்காமல் மின்னியது. 2021-ல் அவர் குழு செல்லுலோஸ் படலத்தை மீட்டர் கணக்கில் சுருளாக ஓட்டி, அரைத்து, ஜிகினாவாக்கியது.

ஆஹா என்று உடனே குதிக்க வேண்டாம். அமிலம் வேண்டும், அதைக் கழுவ ஏராளமாகத் தண்ணீர் வேண்டும், காய நேரம் வேண்டும். சாயக் கழிவு நொய்யலை என்ன செய்தது, ஒரத்துப்பாளையம் அணை என்ன கதிக்கு ஆளானது என்று நமக்குத் தெரியும். 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. அந்த நொய்யலும் காவிரியில்தான் கலக்கிறது. சாயமில்லாத நிறம் என்று பெயர் சொல்லி அமிலக் கழிவை ஆற்றில் விட்டால் யாருக்கு லாபம்? தவிர, இந்த நிறத்தை வேட்டி சேலைக்கு ஏற்றும் வழி இன்னும் கடைக்கு வரவில்லை.

ஆனாலும் மனசு அடங்கவில்லை. லால்குடி, முசிறிப் பக்கம் தார் வெட்டியபின் வாழைத்தண்டு மலைமலையாகக் கிடந்து அழுகுகிறது. அதன் நாரில் பாதிக்கு மேல் செல்லுலோஸ். தாயனூரில் வாழை ஆராய்ச்சி மையமும், துவாக்குடியில் என்.ஐ.டி.யும் இருக்கும் ஊர் இது. இங்கே யாராவது ஒருவர் அந்த நாரை எடுத்து, அமிலத்தைத் திரும்பப் பயன்படுத்தும் வழியோடு சேர்த்து, முயன்று பார்க்கலாமே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் மயிலிறகைக் கொண்டுவந்து, "சார், இதை அரைச்சா இந்த நீலம் எங்க சார் போகுது?" என்று கேட்டான். அரைத்தே பார்த்திருக்கிறான், பழுப்புத் தூள்தான் மிஞ்சியிருக்கிறது. நான், "சாயம் வெளுத்துப்போச்சுடா, உட்காரு" என்றேன். அவன் கண்ணில் இது பட்டால், தம்பி, அன்றைக்கு நீ பார்த்ததுதான் சரி. அரைத்ததில் அடுக்கு கலைந்துவிட்டது. ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா, அதே தெரு, அதே வீடுதான்.