வெள்ளிக் கூஜாவும் கால்விலங்கும்

கண்காட்சி என்றால் பொருட்களை அடுக்கிவைக்கும் வேலை என்று எண்ணிப் பழகிவிட்டோம். காப்பாட்சியர் ஏதோ கிடங்குக் கணக்கர் போலவும், கைக்கு வந்ததை வரிசையாக வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவர் போலவும் ஒரு தோற்றம். எதை வெளியே எடுப்பது, எதைக் கிடங்கிலேயே விடுவது, எதன் பக்கத்தில் எதை வைப்பது, சீட்டில் என்ன எழுதுவது - இந்த முடிவுகளில்தான் அங்கே வரலாறு எழுதப்படுகிறது என்பது என் வாதம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1992இல் நடந்த ஒரு கண்காட்சியை முன்வைத்து இதைப் பேசலாம்.

மேரிலாந்து வரலாற்றுச் சங்கம் 1844இல் தொடங்கப்பட்டது. அம்மாநிலத்தில் அடிமைமுறை 1864 வரை சட்டபூர்வமாக இருந்தது. ஆனால் சங்கத்தின் கூடங்கள் சொன்னதோ பெரிய வீட்டுக்காரர்களின் கதை: வெள்ளிச் சாமான்கள், நாற்காலிகள், உருவப்படங்கள். அந்தச் சேகரிப்பைக் கொண்டே ஃப்ரெட் வில்சன் என்ற கறுப்பினக் கலைஞர் அமைத்த 'மைனிங் த மியூசியம்' 1992 ஏப்ரலில் திறந்தது. காப்பாட்சியர் லிசா காரின். 'மைனிங்' என்ற சொல்லில் சுரங்கம் தோண்டுவதும் உண்டு, கண்ணிவெடி வைப்பதும் உண்டு, என்னுடையதாக்கிக்கொள்வதும் உண்டு.

வில்சன் புதிதாக எதையும் வரையவில்லை, வடிக்கவில்லை. கிடங்கில் கிடந்ததை மேலே கொண்டுவந்தார், அவ்வளவுதான். 'உலோக வேலைப்பாடு 1793-1880' என்று ஒரு சீட்டு. கண்ணாடிப் பேழைக்குள் பூவேலை செய்த வெள்ளிக் கூஜாக்கள், கோப்பைகள். நடுவே அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கு. ரெண்டும் உலோகம்தானே என்கிறது சீட்டு! 'மரச்சாமான் வேலைப்பாடு 1820-1960' பகுதியில் அலங்கார நாற்காலிகள் நான்கு, கச்சேரி கேட்க உட்கார்ந்த மாதிரி, பால்டிமோர் சிறையில் பயன்பட்ட சவுக்கடிக் கம்பத்தைப் பார்த்தபடி.

அருங்காட்சியகத்தின் வகைப்பாட்டை வில்சன் மீறவில்லை, அட்சரம் பிசகாமல் பின்பற்றினார் என்றே நான் வாசிக்கிறேன். உலோகம், மரம் என்ற வகைப்பாடு பார்வைக்கு அப்பாவித்தனமானது. வெள்ளியை வாங்கிய பணத்துக்கும் விலங்கு பூட்டிய காலுக்கும் இருந்த உறவை அது இத்தனை காலம் வேறுவேறு அறைகளில் பூட்டி வைத்திருந்தது.

நுழைவில் இன்னொரு அமைப்பு. வெள்ளைப் பீடங்களில் நெப்போலியன், ஹென்றி கிளே, ஆண்ட்ரூ ஜாக்சன் ஆகியோரின் மார்பளவுச் சிலைகள். மூவரில் ஒருவர்கூட மேரிலாந்துக்காரர் இல்லை. எதிரே மூன்று கறுப்புப் பீடங்கள் வெறுமையாக. பெயர் மட்டும் இருக்கிறது: ஹாரியட் டப்மன், ஃப்ரெடரிக் டக்ளஸ், பெஞ்சமின் பன்னெக்கர். மூவரும் அந்த மண்ணில் பிறந்தவர்கள். கிடங்கில் அடைத்து வைப்பது ஒரு மௌனம். சேகரிக்கவே மறுப்பது வேறொரு மௌனம். முதலாவதைத் தோண்டி எடுத்துவிடலாம். இரண்டாவதை வெற்றுப் பீடமாகத்தான் காட்ட முடியும்.

கூப்பிட்டதே அந்த நிறுவனம்தானே, அதிகாரம் தன்மீதான விமர்சனத்தையும் காட்சிப்பொருளாக்கிச் செரித்துவிடாதா என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்காட்சி 1993இல் முடிந்தது. கிடங்கும் சாவியும் சங்கத்திடமே இருந்தன. இருந்தாலும் அந்தப் பேழையைப் பார்த்தவருக்கு வெள்ளிக் கூஜாவை இனித் தனியாகப் பார்ப்பது சிரமம். நமக்கும் அதில் பாடம் உண்டு: கூடத்தில் இருப்பதை ரசிக்கும் முன், கிடங்கின் இருப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். அதில் இல்லாதவர்களின் பட்டியலை நாமே எழுதத் தொடங்கவும் வேண்டும்.