கேமரா எந்தப் பக்கம்?

1987 டிசம்பர் 8. இஸ்ரேலில் கூலி வேலை முடித்துக் காஸாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்களின் வண்டிகள் மீது, எரெஸ் சோதனைச் சாவடி அருகே, இஸ்ரேலிய லாரி ஒன்று மோதியது. நான்கு பேர் செத்துப் போனார்கள்.

விபத்து என்றது இஸ்ரேல். காஸாவில் ஒருவரும் நம்பவில்லை. இரண்டு நாள் முன்புதான் காஸா கடைத்தெருவில் ஓர் இஸ்ரேலியர் குத்திக் கொல்லப்பட்டிருந்தார். லாரி ஓட்டியவர் அவருக்குச் சொந்தக்காரராம், பழிக்குப் பழியாம் என்று இரவோடு இரவாகப் பேச்சு பரவியது. சொந்தம் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் மறுநாள் ஜபாலியா அகதி முகாமில் ஆதாரம் கேட்கிற மனநிலையில் யாரும் இல்லை. ராணுவத்தின் மீது கல் பறந்தது. ராணுவம் சுட்டது. ஹாதெம் அல் சிசி என்கிற 17 வயதுப் பையன் விழுந்தான்.

அன்று வெடித்த எழுச்சியின் பெயர் இன்டிஃபாதா. அரபியில் உதறல் என்று பொருள். மேலே ஒட்டியிருப்பதை உதறித் தள்ளுகிற உதறல்.

அன்றைக்கு அங்கே நின்றிருந்த நிருபர் என்ன எழுதியிருக்க வேண்டும்? 'விபத்து' என்று மட்டும் எழுதினால் ஜபாலியாவில் மறுபடி கால் வைக்க முடியாது. 'பழிவாங்கல்' என்று எழுதினால் அது வதந்தி. 'இரு தரப்பும் இரு விதமாகச் சொல்கின்றன' என்று முடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான் நடுநிலை என்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. வதந்திக்கு ஆதாரமில்லை என்பது செய்தி. இருபது வருஷம் ராணுவ ஆட்சியில் கிடந்த ஜனங்கள் அதை ஏன் ஒரே ராத்திரியில் நம்பினார்கள் என்பதும் செய்தி. இரண்டையும் தோண்டி எடுக்க உழைக்க வேண்டும். நடுவில் நிற்க அந்த உழைப்பு தேவையில்லை.

ஆனாலும் நடுவில் நிற்பது சொல்கிற அளவுக்குச் சுலபம் இல்லை. 'மேற்குக் கரை' என்று எழுதினால் ஒரு கூட்டம் முறைக்கும். அதே இடத்தை 'யூதேயா, சமாரியா' என்றால் இன்னொரு கூட்டம். 'ஆக்கிரமிக்கப்பட்ட' பகுதியா, 'சர்ச்சைக்குரிய' பகுதியா? இறந்தவன் போராளியா, பயங்கரவாதியா? முதல் வரியை முடிப்பதற்குள் பாதித் தீர்ப்பு எழுதியாகிவிடும்.

கல்லெறிந்தவர்களை அடித்தே அடக்குவது என்று 1988 ஜனவரியில் முடிவெடுத்தார் இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சர் ராபின். எலும்பை உடைக்கச் சொன்னதாக ஒரு வாசகம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுத்தார். அவர் என்ன சொன்னாரோ தெரியாது, ராணுவ வீரர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குப் படம் இருக்கிறது. பிப்ரவரியில் நாப்லுஸ் அருகே ஒரு மலைச்சரிவில், பிடிபட்ட இரண்டு பாலஸ்தீன இளைஞர்களை உட்கார வைத்து, நான்கு பேர் கல்லால் கையை அடிக்கிறார்கள். தொலைவில் இருந்து அதைப் படமெடுத்தவர் மோஷே ஆல்பர்ட். சிபிஎஸ் என்கிற அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக வேலை பார்த்த இஸ்ரேலியர். தன் நாட்டு ராணுவம்தானே என்று அவர் கேமராவைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அடுத்த இன்டிஃபாதாவில் கேமராவே வழக்குப் பொருளாகிவிட்டது. 2000 செப்டம்பர் 30, காஸாவின் நெட்ஸரீம் சந்திப்பு. தந்தைக்குப் பின்னால் பதுங்கிய 12 வயது முகம்மது அல் துர்ரா சுடப்பட்டதை ஒளிப்பதிவாளர் தலால் அபு ரஹ்மா படமெடுத்தார். குண்டு இஸ்ரேலிய ராணுவ நிலையிலிருந்து வந்தது என்று பிரான்ஸ் 2 தொலைக்காட்சியில் குரல் கொடுத்தவர் ஷார்ல் ஆந்தெர்லான். அவர் அந்த நேரத்தில் காஸாவில் இல்லை, ரமல்லாவில் இருந்தார். முதலில் பொறுப்பேற்ற இஸ்ரேலிய ராணுவம் பிறகு பின்வாங்கியது. காட்சியே ஜோடனை என்று ஒருவர் எழுத, அவதூறு வழக்கு பிரெஞ்சு நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, 2013இல் எழுதியவருக்கு அபராதத்தில் முடிந்தது.

பன்னிரண்டே நாள் கழித்து ரமல்லா. வழி தவறி நுழைந்த இரண்டு இஸ்ரேலிய ரிசர்வ் வீரர்களைக் காவல் நிலையத்துக்குள்ளேயே ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. இத்தாலியத் தனியார் தொலைக்காட்சியின் குழு ஒன்று எடுத்த படம் உலகமெங்கும் ஓடியது. சில நாளில் ஒரு பாலஸ்தீன நாளிதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியின் நிருபர் ரிக்கார்தோ கிறிஸ்தியானோ. படமெடுத்தது நாங்கள் இல்லை, பாலஸ்தீன நிர்வாகத்தின் விதிகளை மதித்தே வேலை செய்கிறோம் என்கிற தோரணையில் இருந்தது. இஸ்ரேல் அவருடைய நிருபர் அட்டையை முடக்கியது. நிறுவனம் அவரை ஊருக்குத் திரும்ப அழைத்துக்கொண்டது. பயம் என்று சொல்லி அவரை மன்னிக்கலாம். ஆனால் நான் மதிப்பது படமெடுத்த அந்தத் தனியார் தொலைக்காட்சிக் குழுவைத்தான்.

இந்தத் தொடருக்கு வரும் கடிதங்களில் பாதி என்னை ஹமாஸ் ஆள் என்கின்றன, மீதி இஸ்ரேல் ஏஜென்ட் என்கின்றன. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அமிரா ஹாஸ் நினைவுக்கு வருவார்.

1956இல் ஜெருசலேமில் பிறந்த யூதர். தாய் தந்தை இருவரும் நாஜிக்களிடமிருந்து தப்பிப் பிழைத்தவர்கள். 1944இல் அம்மாவைப் பெர்கன் பெல்சன் முகாமுக்கு நடத்திக் கொண்டுபோனபோது, வழியில் ஜெர்மானியப் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். அந்தப் பார்வையைப் பற்றி மகள் கேட்டுக் கேட்டு வளர்ந்தார். ஹாரெட்ஸ் நாளிதழின் நிருபரானதும், காலையில் போய் மாலையில் திரும்புகிற வழக்கத்தை விட்டுவிட்டு, 1993இல் காஸாவிலேயே வீடெடுத்தார். 1997இல் ரமல்லாவுக்கு மாறினார். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, பயண அனுமதிச் சீட்டுக்கு எத்தனை நாள் அலைய வேண்டும் என்றெல்லாம் எழுதினார். பாலஸ்தீன நிர்வாகத்தின் ஊழலையும் விடவில்லை.

அவரும் சறுக்கியிருக்கிறார். ஹெப்ரானின் யூதக் குடியேறிகள் ஒரு பாலஸ்தீனரின் சடலத்தை அவமதித்ததாகப் பாலஸ்தீனர்கள் சொன்னதை வைத்து அவர் எழுதிய செய்தி, தொலைக்காட்சிப் பதிவோடு பொருந்தவில்லை என்றது நீதிமன்றம். 2001 ஜூனில் இரண்டரை லட்சம் ஷெகல் இழப்பீடு தரச் சொன்னது. மேல்முறையீடு செய்வோம் என்றது பத்திரிகை. அவரைக் கொண்டாடுகிறவர்கள் இந்த வழக்கைச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

2008 இறுதியில் கப்பலில் காஸா போனார். ஹமாஸை விமர்சித்ததால் உயிருக்கு மிரட்டல் வந்து, டிசம்பர் 1 அன்று வெளியேற வேண்டியதாயிற்று. இஸ்ரேலுக்குள் கால் வைத்ததும், அனுமதியில்லாமல் காஸாவில் இருந்த குற்றத்துக்காகப் போலீஸ் கைது செய்தது.