வெப்பக் கடலில் ஒயின்: தமிழகக் கரைக்கு வந்த கலங்களும் காப்பு முறைகளும்

நெடும்பயணத்தில் ஒயினைக் கெடுப்பவை முதன்மையாக இரண்டு. காற்றுப் பட்டால் நுண்ணுயிர்கள் பெருகி அது காடியாகிவிடும். வெப்பம் ஏறினால் மணம் மழுங்கி நிறம் பழுப்பேறும். விரிவடையும் திரவம் மூடியையும் தள்ளும். தமிழகக் கரைக்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக வந்துசேர்ந்த ஒயினை அதன் கலங்களின் வழியே ஆராய்ந்தால், இவ்விரு சிக்கல்களும் ஒரே காலத்தில் தீரவில்லை என்பது புலப்படும். காற்றை அடைக்கும் நுட்பம் தொடக்கத்திலேயே கைகூடியிருந்தது. வெப்பத்தை அடக்கும் கருவியோ 19ஆம் நூற்றாண்டு வரை இல்லை. இடைப்பட்ட காலம் முழுவதும் வணிகர்கள் வழியின் வெப்பத்தைத் தாங்கும்படி சரக்கையே பக்குவப்படுத்தினார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. அரிக்கமேட்டுச் சாடிகள்

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை மார்ட்டிமர் வீலர் 1945இல் அகழ்ந்தார். அவருக்குப் பின் 1947–50இல் கசாலும், 1989–92இல் விமலா பெக்லியும் அங்கு அகழாய்வு நடத்தினர். அங்குக் கிடைத்த ஆம்போரா என்னும் இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகளை எலிசபெத் வில் வகைப்படுத்தினார். எண்ணெய்க்கும் மீன் சாற்றுக்கும் உரிய சாடிகளும் அவற்றுள் உண்டு. ஆயினும் பெரும்பாலானவை மதுச்சாடிகள். ஏஜியன் கடலின் கோஸ் தீவு வகையைச் சேர்ந்தவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

இச்சாடியின் ஒவ்வோர் உறுப்பும் பயணத்துக்கென அமைந்தது. சுட்ட மண் நுண்துளைகள் கொண்டது. ஆகவே உட்புறம் மரக்கீல் பூசப்பட்டது. கசிவைத் தடுத்த அப்பூச்சு காற்றையும் தடுத்தது. வாயைத் தக்கையாலோ மண்வில்லையாலோ அடைத்துச் சாந்து பூசினார்கள். கூரிய அடி, கப்பலின் வயிற்றில் கீழ் வரிசைச் சாடிகளின் தோள்களுக்கு இடையே இறங்கிப் பொருந்தும். அலைக்கழிப்பில் சாடிகள் நகரா.

2. வழியின் வெப்பம்

கி.பி. முதல் நூற்றாண்டில் இச்சாடிகள் வந்த வழியை விவரித்த ரோமானிய எழுத்தாளர் பிளினி பயண நாட்களையும் தருகிறார். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து நைல் வழியே கோப்டாஸ் வரை 12 நாள். அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து பெரனிகே துறைக்கு 12 நாள். செங்கடலின் முகப்பிலுள்ள ஒகேலிஸுக்கு ஏறத்தாழ 30 நாள். பருவக்காற்றில் முசிறிக்கு 40 நாள். துறைகளில் காத்திருந்த நாட்கள் நீங்கலாகவே 94 நாட்கள் ஆகின்றன. கடற்பயணம் தொடங்கியதோ நடுக்கோடையில். பாலைவழியைப் பெரும்பாலும் இரவில்தான் கடந்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். வெயிலுக்கு எதிராக வணிகக்கூட்டம் செய்ய முடிந்தது அவ்வளவே. கப்பலின் அடித்தளத்தில் அந்த வசதியும் இல்லை.

இந்நிலையில் கோஸ் ஒயின் பெற்ற இடம் கவனத்துக்குரியது. அது கடல்நீர் கலந்து செய்யப்பட்டது. அம்முறையை ரோமானியரான கேட்டோ தம் வேளாண் நூலில் பதிவு செய்திருக்கிறார். உப்பு நுண்ணுயிர்ப் பெருக்கத்தைத் தணித்தது; கீலும் தன் வாசனையை ஏற்றியது. மென்மையான ஒயினைவிட இது நீண்ட பயணத்துக்கு ஏற்றது.

இத்தனை காப்புக்குப் பின்னும் வரத்து குறைவே. அதே நூற்றாண்டின் கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸ், முசிறியின் இறக்குமதிகளில் ஒயினைச் சேர்த்து, அளவு மிகுதியில்லை என்றும் கூறுகிறது. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் கொணர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டிய மன்னனுக்கு உரிய இன்பமாகப் பாடுகிறார். இரண்டு சான்றுகளும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன: அது அரசவைப் பொருள், சந்தைப் பொருள் அன்று.

3. நிலக்கீல் பூசிய கலங்கள்

இந்தியத் தொல்லிடங்களில் ரோமானியச் சாடிகள் என எண்ணப்பட்ட ஓடுகளில் ஒரு பகுதி மெசப்பொத்தேமிய, பாரசீக வளைகுடாப் பகுதியைச் சேர்ந்தவை என ராபர்ட்டா டாம்பர் காட்டினார். கேரளத்தின் பட்டணம் அகழாய்விலும் இவை கிடைத்துள்ளன. கைப்பிடியற்ற, நீண்ட இக்கலங்களின் உட்புறத்தில் மரக்கீலுக்குப் பதிலாக அந்நிலத்தில் எளிதில் கிடைத்த நிலக்கீல் பூசப்பட்டிருக்கிறது. இவை மது ஏற்றப் பயன்பட்டவை என்று கருதப்படுகிறது. பொருள் மாறினாலும், உள்பூச்சால் காற்றை அடைக்கும் கொள்கை மாறவில்லை.

4. வெப்பமே பக்குவமான கதை

ஐரோப்பியக் கம்பெனிகளின் காலத்தில் சாடியின் இடத்தை மரப்பீப்பாய் பிடித்தது. இந்தியாவுக்கு வந்த ஆங்கிலக் கப்பல்கள் வழியில் மதீரா தீவில் நின்று ஒயின் ஏற்றின; சென்னைக் கோட்டை ஆங்கிலேயரின் விருந்துகளில் அதற்குத் தனி மதிப்பு. 18ஆம் நூற்றாண்டில் மதீராவுடன் வடிசாராயம் கலந்து வலுவேற்றுவது வழக்கமாயிற்று. வெப்ப மண்டலத்தைக் கடந்து திரும்பிய பீப்பாய்களில் ஒயின் கெடவில்லை, சுவை முதிர்ந்திருந்தது. விளைவை அறிந்த வணிகர்கள் பீப்பாய்களை வேண்டுமென்றே இந்தியாவரை அனுப்பித் திரும்பப் பெற்றார்கள். பின்னர் அச்செலவைத் தவிர்க்க, தீவிலேயே சூடேற்றும் கூடங்களை அமைத்தார்கள். இன்றும் அம்முறையில் 45–50 டிகிரி செல்சியஸில் மூன்று மாதம் ஒயினைச் சூடேற்றுகிறார்கள். கோஸ் ஒயின் வெப்பத்தைத் தாங்கியது; மதீரா அதைப் பயன்படுத்திக்கொண்டது.

5. குளிர்பெட்டியும் பையும்

1869இல் திறந்த சூயஸ் கால்வாய் பயண நாட்களைக் குறைத்தது. 1882இல் நியூசிலாந்தின் உறைந்த இறைச்சியை லண்டனில் சேர்த்த டனிடின் கப்பல், வழியையே குளிர்விக்க முடியும் என நிறுவியது. அந்நுட்பத்தின் வழிவந்த குளிர்சாதனக் கொள்கலன்களில் ஏறத்தாழ 12–15 டிகிரியில் அனுப்பப்படும் ஒயினுக்கு உப்போ சாராயமோ தேவையில்லை. சரக்கை மாற்றாமல் சூழலை மாற்றும் முறை இது.

ஆனால் பழைய முறை வழக்கொழியவில்லை. 1965இல் ஆஸ்திரேலியாவின் தாமஸ் ஆங்கோவ் ஒயினைப் பெட்டிக்குள் வைத்த பையில் அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பை சுருங்குவதால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. இதே இனத்தைச் சேர்ந்த பல்லடுக்குப் பைகளை, சித்தூர்–திருப்பதி வட்டாரத்தின் மாங்கூழ் ஆலைகளில் காணலாம். கிளிமூக்கு மாம்பழம் எனப்படும் தோத்தாபுரியின் கூழைச் சிறிது நேரம் சூடேற்றி, குளிரவைத்து, நுண்ணுயிர் நீக்கிய பையில் நிரப்பி, இரும்பு டிரம்மில் வைத்துக் கப்பலேற்றுகிறார்கள். குளிர்பெட்டி இன்றியே அது கடல் கடக்கிறது. உள்ளுறை காற்றை அடைக்க, முன்பக்குவம் வெப்பத்தைத் தாங்க வைக்கும் இந்த ஏற்பாடு, கோஸ் வணிகரின் உத்தியோடு கொள்கையளவில் ஒன்றே.

எனவே இவ்வரலாற்றைக் கீலில் தொடங்கிக் குளிர்பெட்டியில் முடியும் ஒற்றைப்படி முன்னேற்றமாகக் கொள்வது பொருந்தாது. மணத்தின் நுட்பமே விலையாகும் பொருளுக்கு வழியைக் குளிர்விக்கும் செலவு கட்டுப்படியாகும். மொத்தமாக, மலிவாகச் செல்ல வேண்டிய பொருளைப் பக்குவப்படுத்தி அனுப்புவதே இன்றும் ஆதாயம். எந்த உத்தி நிலைக்கும் என்பதைத் தீர்மானித்தது தொழில்நுட்பத்தின் புதுமை மட்டுமன்று, சரக்கின் விலையும்தான்.