யாருடைய கோப்பு இது?

கண்டியில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து பாவிக்கிற லினக்ஸ் கணினி ஒன்று இருக்கு. ஆளுக்கொரு பயனர் கணக்கு. ஒருத்தர் எழுதினதை மற்றவர் திருத்தப் போனால், 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வரும். பொறுமை இழந்த தோழர் ஒருத்தர் ஒருநாள் சூடோ போட்டு, முழுக் கோப்புறைக்கும் சிஎச்மோட் 777 கொடுத்தார். எல்லாம் திறந்துச்சு. ரெண்டு நாளில் ஒரு நேர்காணல் காணாமல் போச்சு. யார் அழித்தது? இன்றைக்கும் தெரியாது.

அந்த 777 எங்கிருந்து வந்தது என்று தேடினோம். 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கொர்பாட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் பகிரும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பை இயக்கிக் காட்டியது. பலர் வந்ததும் கடவுச்சொல்லும் வந்தது. ஆனால் ஒருநாள் நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்த, அவற்றின் தற்காலிகப் பிரதிகள் இடம் மாறின. உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் தெரிந்தன!

பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸின் முதல் கையேடு 1971இல் வந்தது. அதில் இரண்டே தரப்பு: உரிமையாளர், மற்றவர். நடுவில் 'குழு' சேர்ந்தது பிறகுதான். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. மூன்று தரப்புக்கும் 7 கொடுத்தால் 777, அதாவது கதவே இல்லாத வீடு. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இதே முறையைத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் 'ரூட்' என்ற பயனருக்கு மட்டும் இந்த எண்கள் தடையே இல்லை. சூடோ தருவது அந்த அதிகாரத்தைத்தான்.

இதைப் படிக்கும்போது எங்களுக்கு நம்ம ஊர் தலதா மாளிகை ஞாபகம் வந்தது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. 1853இல் அவர்கள் புனித தந்தத்தின் பாதுகாப்பை மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்கர்களிடமும் தியவடன நிலமேயிடமும் ஒப்படைத்தார்கள். திறப்புகள் மூவரிடமும் பிரிந்திருக்கின்றன. ஒருவர் தனியாகப் போய்ப் பேழையைத் திறக்க ஏலாது. லினக்ஸிலோ ரூட்டுக்கு ஒரே திறப்பு போதும்.

எங்கள் பிழை அங்கேதான். சூடோ ஆறு பேரிடமும் இருந்தது. 'குழு' என்ற நடு வழியை யாரும் தொடவே இல்லை. இப்போது ஆறு பேரையும் ஒரு குழுவாக்கி, கோப்புறையை அந்தக் குழுவின் பெயருக்கு மாற்றி, 3770 கொடுத்திருக்கிறோம். முன்னால் உள்ள 3இல் இரண்டு வேலை இருக்கு: 2, புதுக் கோப்பையும் குழுவின் பெயரிலேயே வைக்கும்; 1, ஒருத்தருடைய கோப்பை இன்னொருத்தர் அழிக்க விடாது. லினக்ஸில் அழிப்பதற்கான அனுமதி கோப்பில் இல்லை, அது இருக்கும் கோப்புறையில்தான் இருக்கு. இது தெரியாததால்தான் நேர்காணல் போனது. புதுக் கோப்புகளைக் குழுவும் திருத்த யூமாஸ்க்கை 002 ஆக வைத்தோம். சூடோ இப்போது இருவரிடம் மட்டும். ஒருவர் பாவிக்கும்போது மற்றவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

திருத்த அனுமதி உள்ளவர் நினைத்தால் கோப்பை உள்ளே வெறுமையாக்கலாம். அதைத் தடுக்க எந்த எண்ணும் இல்லை. அதற்கு நாங்கள் ஒருவரையொருவர் நம்பத்தான் வேணும்.