சிவப்பு மைக்குக் கீழே ஒரு முகம்

கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டுடியோ நெகட்டிவ்கள் சிலவற்றில் பெண்களின் முகம் சிவப்பாக இருக்கும். 'பொண்ணு நல்ல செவப்பு' என்று நம் வீடுகளில் சொல்லும் சிவப்பு அல்ல அது. மெல்லிய தூரிகையால் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் உண்மையாகவே பூசப்பட்ட சிவப்பு மை. முன்னது வேண்டும் என்பதற்காகத்தான் பின்னது பூசப்பட்டது.

அருப்புக்கோட்டையில் மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவின் நெகட்டிவ்கள் சில ஆண்டுகளுக்கு முன்பு என் பொறுப்பில் வந்தன. பெரும்பாலும் 120 பிலிம். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம், ஒவ்வொன்றும் 6 சென்டிமீட்டர் சதுரம். 1960களின் பிற்பகுதியிலிருந்து 1980கள் வரை எடுத்தவை. அவற்றைக் கணினியில் ஏற்றும் வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம் பக்கத்துப் பெண்களின் நிறத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது நெகட்டிவில் இருக்கிறது, பிரிண்டில் இல்லை.

சிவப்பு மை என்ன செய்யும் என்பதை இருட்டறையை நினைத்துப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். அங்கே சிவப்பு விளக்கு எரியலாம். பிரிண்ட் போடும் கறுப்பு வெள்ளைத் தாளுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. நெகட்டிவில் சிவப்பு மை பூசிய இடத்தின் வழியாகப் போகும் ஒளியில் தாளுக்குத் தெரிந்த நீலமும் பச்சையும் குறைந்துவிடும். ஒளி குறைவாக விழுந்த இடம் தாளில் வெளுப்பாக வரும். மையை எவ்வளவு அடர்த்தியாகப் பூசுகிறோமோ அவ்வளவுக்கு முகம் வெளுக்கும். இதோடு பென்சில் வேலையும் உண்டு. நெகட்டிவின் மங்கலான பக்கத்தில், கூராகச் சீவிய பென்சிலால் நுண்ணிய கோடுகள் இட்டுக் கண்ணுக்குக் கீழுள்ள கருமையையும் அம்மைத் தழும்பையும் மறைப்பார்கள். 'டச்சிங்' என்று அதற்குப் பெயர். அதில் கைதேர்ந்தவர் இருக்கும் ஸ்டுடியோவுக்குத்தான் கல்யாண வயதுப் பெண்களை அழைத்துப் போவார்கள்.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. பருத்தி எடுப்பு, மிளகாய்ப் பழம் பறிப்பு, களையெடுப்பு எல்லாம் பெண்கள் வேலை, எல்லாம் வெயிலில். ஊருக்குள் தறிவேலை என்றால் பாவு தோய்ப்பது தெருவில், அதுவும் வெயிலில். இந்த உழைப்பின் நிறம் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்தில் இருக்கக் கூடாது. ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு இந்தியச் சந்தைக்கு வந்தது 1975இல். அதற்கு முன்பே, குழாயில் அடைத்து யாரும் விற்காமலே, நம் ஊர் ஸ்டுடியோக்காரர் தூரிகையால் அதைச் செய்துகொடுத்திருக்கிறார். நான் பார்த்த பெட்டியில் மாப்பிள்ளைகளின் முகத்திலும் பென்சில் கோடு உண்டு. மை பூசிய முகங்களோ ஏறக்குறைய எல்லாமே பெண்களுடையவை.

நெகட்டிவைத் தட்டை ஸ்கேனரிலும் வைத்து எடுக்கலாம். கடிதத்துக்கும் சான்றிதழுக்கும் செய்யப்பட்ட கருவி அது. பிலிமின் நுணுக்கம் அதில் பாதிதான் வரும். பிலிமுக்கென்றே செய்யப்பட்ட ஸ்கேனர்கள் உண்டு. நிக்கான் நிறுவனத்தின் கூல்ஸ்கேன் வரிசை அதில் பெயர்பெற்றது. நான் பயன்படுத்துவது சூப்பர் கூல்ஸ்கேன் 8000 என்ற மாதிரி. 2001இல் வெளிவந்தது, 120 பிலிமையும் ஏற்கும். சிவகாசி அச்சகம் ஒன்றில் காலண்டர் படங்களின் ஸ்லைடுகளை ஏற்றப் பயன்பட்டுப் பிறகு ஓரமாகக் கிடந்ததை வாங்கினேன். கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவின் தெய்வங்கள் சிவகாசி அச்சில் வீடு வீடாகப் போன காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேவியரின் ரோஜாநிற முகமும் எங்கள் பெட்டியில் இருக்கும் மணப்பெண்களின் வெளுத்த முகமும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டப்பட்டவை.

இந்த இயந்திரத்தை நிக்கான் கைவிட்டு ஆண்டுகள் பல ஆயிற்று. அதோடு வந்த மென்பொருள் புதிய கணினிகளில் ஓடாது. வியூஸ்கேன் போன்ற வேறு மென்பொருள் வேண்டும், அல்லது பழைய கணினியையே வைத்துக்கொள்ள வேண்டும். ஃபயர்வயர் என்ற, இப்போது வழக்கொழிந்த, இணைப்பு தேவை. எங்கள் ஊர் வறட்சியில் பிலிம் சுருண்டுவிடுகிறது. கண்ணாடி வைத்த தாங்கியில் அமுக்கினால்தான் ஓரம்வரை தெளிவாக விழும். ஓர் அங்குலத்துக்கு 4000 புள்ளி என்று எடுத்தால் ஒரு சதுர நெகட்டிவுக்கு ஏழரைக் கோடிக்கு மேல் புள்ளிகள். முழு வண்ணத்தில் சேமித்தால் ஒரே படம் 400 எம்பியைத் தாண்டும். ஒரு படத்துக்குச் சில நிமிடம் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து.

தூசியையும் கீறலையும் தானாக நீக்கும் வசதி ஒன்று அதில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். வண்ணப் பிலிமின் சாயம் அதைத் தடுக்காது, தூசி தடுக்கும். எனவே தடுப்பதெல்லாம் அழுக்கு என்று கணக்கிட்டு அழித்துவிடும். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமே வெள்ளித் துகளால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும். ஆகவே இயந்திரம் முகத்தையே அழுக்கென்று எடுத்துக்கொள்ளும். கறுப்பு வெள்ளைக்கு இந்த வசதியை அணைத்துவைப்பதே முதல் பாடம்.

இரண்டாவது பாடம் முக்கியமானது. கறுப்பு வெள்ளைதானே என்று சாம்பல் நிறத்தில் எடுக்க வேண்டாம், வண்ணத்தில் எடுங்கள். இந்த ஸ்கேனருக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி விளக்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஒளியிலும் ஒரு பதிவு எடுத்து மூன்றையும் சேர்த்துத்தான் வண்ணப்படம் ஆக்குகிறது. அந்த மூன்றையும் கணினியில் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். நீல ஒளியின் பதிவில் சிவப்பு மை கருப்பாக நின்று தடுக்கும்; நேர்ப்படமாக மாற்றினால் ஸ்டுடியோக்காரர் கொடுத்த அதே வெளுத்த முகம் வரும். சிவப்பு ஒளியின் பதிவிலோ சிவப்பு மை கண்ணாடிபோல ஒளியை விட்டுவிடும். மைக்குக் கீழே, கேமரா பிடித்த முகம் அப்படியே கிடைக்கும். பென்சில் கோடுகள் மட்டும் இரண்டிலும் நிற்கும்.

அந்த இரண்டாவது முகத்தை உண்மை என்றும் முதலாவதைப் பொய் என்றும் சொல்லிவிட்டால் எளிதாக முடிந்துவிடும். அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. கேமரா பிடித்ததிலும் பவுடர் இருக்கிறது, ஸ்டுடியோ விளக்கு இருக்கிறது. பிலிமும் நடுநிலையான பொருள் அல்ல. சிவப்பை உணராத பழைய ஆர்த்தோ பிலிம்கள் மாநிறத்தை இன்னும் கறுப்பாகக் காட்டின. வண்ணப் பிலிம் வந்தபோது கோடாக் நிறுவனம் வெள்ளைப் பெண்ணொருத்தியின் படத்தை, 'ஷெர்லி அட்டை' என்ற பெயரில், தோல்நிறத்துக்கான அளவுகோலாக லேப்களுக்குக் கொடுத்ததை லோர்னா ராத் 2009இல் விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே இரண்டு முகமும் சான்றுகள்தான். ஒன்று ஒளி எழுதியது. மற்றது கல்யாணச் சந்தை எழுதியது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் வரலாறு என்கிறேன்.

திருச்சுழிப் பக்கத்துக் கிராமமொன்றில் எழுபது கடந்த ஒரு பெண்ணிடம் அவருடைய இரண்டு முகங்களையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளுத்ததைத் தொட்டு, "இது மாப்ள வீட்டுக்குப் போன படம் தாயி" என்றார். மற்றதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். "இத நான் பாத்ததே இல்ல. எங்க ஆத்தா மாதிரியே இருக்கேன்ல?" என்றார். அவருடைய ஆத்தாவுக்குப் படமே கிடையாது. பருத்திக் காட்டில் உழைத்து, ஒருமுறைகூட ஸ்டுடியோ படி ஏறாமல் இறந்துபோனவர். மகளின் முகத்தில் மை பூசியபோது மறைந்தது மகளின் நிறம் மட்டுமல்ல. பக்கத்தில் நின்ற பேத்திக்கு முதல் படம்தான் பிடித்திருந்தது. அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

நிறத்துக்கு நேர்ந்தது பெயருக்கும் நேர்ந்தது. நெகட்டிவ் போட்டிருந்த உறைகளில் பணம் கட்டிய ஆணின் பெயர் இருக்கிறது. பெண்ணுக்கு 'சம்சாரம்', 'மகள்', 'மருமகள்' என்ற சொற்களே. இதே திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமணரின் புகழ்பெற்ற படத்தை எடுத்தவர் வெல்லிங், எடுத்த ஆண்டு 1946 என்றெல்லாம் நமக்குத் தெரியும். அந்தக் கவனம் நல்லதுதான். அது எல்லா முகங்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும். கேமராவைப் பிடித்த பெண்ணுக்கும் இதே கதை. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா எடுத்த தொடக்ககாலப் படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. ஆகவே நானும் என் மாணவிகளும் ஒவ்வொரு கோப்புக்கும் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டறிந்து வைக்கிறோம். ஒரு பெயருக்காக மூன்று ஊர் அலைந்திருக்கிறோம். கிடைக்காதபோது உறையில் உள்ளதை அப்படியே எழுதி, பெயரிடத்தைக் காலியாக விடுகிறோம்.

அவசரம் இருக்கிறது. ஊட்டியில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இன்று இல்லை. அது தயாரித்த 'இந்து' பிலிமில், நிலவைக் குறிக்கும் அந்தப் பெயரில், பதிவான முகங்கள் இன்னும் பரண்களில் இருக்கின்றன. வெப்பத்தில் பிலிமின் அசிட்டேட் சிதைந்து புளிக்காடி வாடை அடிக்கத் தொடங்கினால் பிறகு நிறுத்த முடியாது. பல ஸ்டுடியோக்களில் நெகட்டிவை வெள்ளிக்காக எடைக்குப் போட்டுவிட்டார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சோயி ஹெட்லி முன்னின்று, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்ட உதவியோடு, தமிழக ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்த பணி பெரியது. ஆனால் எல்லா ஊருக்கும் ஒரு நிறுவனம் வந்து சேராது.

உங்கள் ஊரில் மூடிய ஸ்டுடியோ இருந்தால் போய்க் கேளுங்கள். நெகட்டிவைத் தண்ணீரில் கழுவாதீர்கள், மை கரைந்துவிடும். பருத்திக் கையுறை போட்டு ஓரத்தைப் பிடியுங்கள். உறையைத் தூக்கி எறியாதீர்கள். பெயர் இல்லாத உறையும் ஒரு தகவல். வண்ணத்தில் ஸ்கேன் செய்து, மூன்று ஒளியின் பதிவுகளையும் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் போடுவதற்கு முன் அந்தப் பெண்ணிடமோ அவர் வீட்டாரிடமோ கேளுங்கள். அன்று அவர்களைக் கேட்காமல் மை பூசினார்கள். இன்று நாம் கேட்காமல் மையை எடுத்து ஊருக்குக் காட்டினால் அதுவும் அதே காரியம்தான். அவர்கள் வேண்டாம் என்றால் இரண்டு பிரிண்டையும் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். எதைச் சுவரில் மாட்டுவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.