பள்ளி மடிக்கணினியில் புகை: விளையாட்டா, விபரீதமா?

பள்ளி கொடுத்த மடிக்கணினியின் யுஎஸ்பி துளைக்குள் ஒரு மாணவர் எதையோ செருகுகிறார். சில நொடிகளில் புகை கிளம்புகிறது. பக்கத்தில் இருப்பவர் அதைக் காணொளி எடுக்கிறார்.

2025 மே மாதம் அமெரிக்காவில் 'குரோம்புக் சவால்' என்ற பெயரில் டிக்டாக்கில் பரவியது இது. நியூ ஜெர்சி, கனெக்டிகட் உள்ளிட்ட மாநிலங்களில் சில பள்ளிகளிலிருந்து மாணவர்களை அவசரமாக வெளியேற்ற நேர்ந்தது.

புகை எப்படி வருகிறது?

பென்சில் முனையில் உள்ள கிராஃபைட், காகித கிளிப் இரண்டுமே மின்சாரத்தைக் கடத்தும். துளைக்குள் போனால் ஷார்ட் சர்க்கியூட் ஆகும். சூடு லித்தியம்-அயன் மின்கலன் வரை பரவினால்தான் பெரிய ஆபத்து. அது எரிந்தால் நச்சு வாயு வெளியாகும். அணைத்த பிறகும் மீண்டும் பற்றிக்கொள்ளலாம். செய்தவர் ஒருவர், மூச்சுத் திணறுவதோ வகுப்பே!

பணம் யாருடையது?

சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு இறுதிக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அனைவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் கிடைத்தது. அதை எடுசேவ் நிதியைக் கொண்டு வாங்கலாம். வசதி குறைந்த குடும்பங்களுக்கு மானியமும் உண்டு. சில வீடுகளில் இருக்கும் ஒரே கணினி அதுதான். அது போனால் வீட்டுப்பாடம் செய்ய வேறு வழி இருக்காது.

அப்படியென்றால் வகுப்பில் திரையே வேண்டாமா?

அந்தக் கேள்வி நியாயமானதுதான். சுவீடன் 2023ல் அச்சுப் பாடநூல்களுக்குக் கூடுதல் நிதி ஒதுக்கியது. கற்றலுக்கு உண்மையிலேயே உதவினால் மட்டும் தொழில்நுட்பம் போதும் என்று யுனெஸ்கோவும் அதே ஆண்டு வலியுறுத்தியது.

சிங்கப்பூரில் 2024 ஆகஸ்ட்டில், சாதனங்களை நிர்வகிக்கும் செயலிக்குள் ஊடுருவல் நடந்தது. 26 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவை அழிந்தன. குறிப்புகள் எல்லாம் திரையில் மட்டுமே இருந்தால் என்ன ஆகும் என்பது அன்று புரிந்தது.

இப்போது கட்டுப்பாடுகளும் கூடியுள்ளன. 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பள்ளி நேரத்தில் கைத்தொலைபேசியைப் பயன்படுத்த முடியாது. கற்றல் சாதனங்களும் வழக்கமாக இரவு 10.30 மணிக்கே 'தூங்கப்' போய்விடும்.

திரை எவ்வளவு, புத்தகம் எவ்வளவு என்று ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் தாராளமாகக் கேட்கலாம். மடிக்கணினியை எரித்தால் அந்தக் கேள்வி யார் காதிலும் விழாது. புகை மட்டும்தான் தெரியும்.

மடிக்கணினியில் புகை வந்தால்:

- தொடாதீர்கள், தூக்கி ஓடாதீர்கள்.
- உடனே விலகி ஆசிரியரிடம் சொல்லுங்கள்.
- தீப்பிடித்தால் 995ஐ அழையுங்கள்.