இளவேனில் கரடி வேட்டை: ஒன்டாரியோவில் ஒரு வழக்கின் வரலாறு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1961 வரை கருங்கரடியைக் கொன்று வருபவருக்கு அரசே வெகுமதி அளித்து வந்தது. அவ்வாண்டில்தான் அது ஒழிக்கப்பட வேண்டிய தொல்லை விலங்கு என்ற நிலையிலிருந்து, விதிகளுக்குட்பட்டு வேட்டையாடத்தக்க விலங்கு என்ற நிலைக்கு வந்தது. அதன்பின் எழுந்த வினா, கரடியைக் கொல்லலாமா என்பதன்று. எந்தப் பருவத்தில் கொல்லலாம் என்பதே. இந்தப் பருவ வினா ஒரு மாகாணத்தின் அரசியலைப் பல்லாண்டுகள் அலைக்கழித்த கதையை இங்குக் காண்போம்.

வினாவின் வேர் கரடியின் வாழ்க்கை முறையில் இருக்கிறது. கருங்கரடி கோடையின் தொடக்கத்தில் இணைகிறது. ஆயினும் கரு உடனே வளர்வதில்லை. இலையுதிர்காலம் வரை காத்திருந்து பின்னரே கருப்பையில் பதிகிறது. சனவரி வாக்கில், குளிர்கால உறக்கத்தில் இருக்கும் தாய் குகைக்குள்ளேயே குட்டிகளை ஈனுகிறது. பிறக்கும்போது குட்டியின் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. இளவேனிலில் தாயும் குட்டிகளும் வெளிவரும்போது தாய் பசித்திருக்கிறது. குட்டிகளோ பாலையே நம்பியிருக்கின்றன. அப்போது தாய் வீழ்ந்தால் குட்டிகளும் பிழைப்பதரிது. இலையுதிர்காலத்தில் தாயை இழக்கும் குட்டிக்குப் பிழைக்கச் சற்றேனும் வாய்ப்புண்டு. இதுவே எதிர்ப்பாளர்களின் அடிப்படை வாதம்.

வேட்டைக்காரர் தரப்பிலும் கருதத்தக்க வாதம் உண்டு. ஆண் கரடிகளே முதலில் குகையை விட்டு வெளிவருகின்றன. ஆகவே இளவேனில் வேட்டையில் வீழ்பவை பெரும்பாலும் ஆண்களே என்பர். இரை வைத்துக் காத்திருப்பதால், நின்று நிதானித்து, ஆணா பெண்ணா என்று அறிந்து சுடலாம் என்றும் கூறுவர். எதிர்த்தரப்பு இதற்கும் விடை வைத்திருக்கிறது. இரையை நாடி வரும் தாய், குட்டிகளை மரத்தின் மேல் ஏற்றிவிட்டுத் தனியே வருவதுண்டு. மறைவில் இருப்பவன் காண்பது ஒற்றைக் கரடியையே.

1999 சனவரியில் மைக் ஹாரிசின் அரசு இளவேனில் வேட்டையை நிறுத்தியது. தொழிலதிபர் ராபர்ட் ஷாட் தொடங்கிய அறக்கட்டளையின் பரப்புரை இம்முடிவுக்கு முக்கியத் தூண்டுகோல். வேட்டையாடுவோர் பலரின் ஆதரவைப் பெற்ற பழைமைவாதக் கட்சியே இம்முடிவை எடுத்தது என்பது கருதத்தக்கது. வேட்டையாடுவோர் அமைப்பு நீதிமன்றம் சென்றது. வேட்டையும் கருத்து வெளிப்பாட்டின் ஒரு வகையே என்றுகூட வாதிடப்பட்டது. மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் அதனை ஏற்க மறுத்தது.

ஆனால் வடபுலத்தின் மனக்குறை தீரவில்லை. இளவேனிலில் அமெரிக்காவிலிருந்து வரும் வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியும் விடுதி நடத்தியும் வாழ்ந்தோர் வருவாய் இழந்தனர். கரடிகள் ஊருக்குள் புகுந்து குப்பைத் தொட்டிகளைக் கிளறுவது மிகுந்துவிட்டது என்றும், தென்புல நகரத்தாரின் இரக்கத்திற்குத் தாங்கள் விலை கொடுப்பதாகவும் அவர்கள் முறையிட்டனர். அரசு அமைத்த குழு 2003இல் அறிக்கை அளித்தது. வேட்டை நின்றதால் கரடித் தொல்லை பெருகியது என்பதற்கு அறிவியல் சான்று இல்லை என்றது. எனினும் சமூக, பொருளாதாரக் காரணங்களுக்காக வேட்டையை அளவோடு மீட்கலாம் என்றும் அதே குழு பரிந்துரைத்தது!

2014இல் லிபரல் கட்சி அரசு எட்டு வேட்டை மண்டலங்களில் சோதனை முறையில் வேட்டையை மீட்டது. காரணமாகக் கூறப்பட்டது பொதுமக்கள் பாதுகாப்பு. குட்டியுடன் உள்ள தாயைக் கொல்வது தடை செய்யப்பட்டது. மாகாண அரசின் ஆய்வாளர்களும் இடம்பெற்ற ஓர் ஆய்வு அதே ஆண்டில் வெளிவந்தது. காட்டில் பழங்களும் கொட்டைகளும் பொய்க்கும் ஆண்டுகளிலேயே கரடிகள் ஊரை நாடுகின்றன. வேட்டையின் அளவு தொல்லையைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவு. இருந்தும் 2016இல் சோதனை விரிவடைந்து, வெளிநாட்டாருக்கும் திறக்கப்பட்டது. 2021இல் வேட்டை நிலைபெற்றது.

எல்லைக்குத் தெற்கே வேறு முடிவுகளும் உண்டு. கொலராடோ வாக்காளர்கள் 1992இல் பெரும்பான்மையாக வாக்களித்து இளவேனில் வேட்டையைத் தடுத்தனர். வாஷிங்டன் மாநிலத்தில் 2022இல் வனவிலங்கு ஆணையம் பொழுதுபோக்கு வேட்டையை இளவேனிலில் நிறுத்தியது.

ஒன்டாரியோவில் கரடியினம் அழிவின் விளிம்பில் இல்லை. அங்கு ஒரு லட்சத்தை ஒட்டிய கரடிகள் இருப்பதாக அரசு கணிக்கிறது. ஆகவே இது எண்ணிக்கை பற்றிய வழக்கன்று. வடபுலத்தாரின் பிழைப்பு உண்மையான காரணம். அதை நேர்மையாக முன்வைத்து வாதிட்டிருக்கலாம். மாறாக, சான்று துணைநிற்காத பாதுகாப்பு என்னும் பெயரால் அதை நிறுவியதே நம்மை உறுத்துகிறது. வாழ்வாதாரத்தை ஒரு தட்டிலும் மரத்தின் மேல் காத்திருக்கும் குட்டியை மறு தட்டிலும் வைத்து எடைபோடும் துணிவு எந்த அரசுக்கும் வரவில்லை. அந்த எடைபோடல் நிகழும்வரை இவ்வழக்கு தீர்ந்ததாகாது என்பதே நம் கருத்து.